மாவு புளிக்கவில்லை, துணி புளித்தது

ஸ்டுட்கார்ட்,
மார்கழி.

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு முழங்கால் தேவலையா? தைலம் தேய்த்தால் போதாது, டாக்டரிடம் காட்டச் சொல்லு.

‘வீட்ல என்னடா விசேஷம்’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து உன் கதையை ஆரம்பித்துவிடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். விசேஷம் இதுதான். இங்கே குளிர் பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரி பாத்திரத்தை ‘அவன்’ அடுப்புக்குள்ளே வைத்து, அடுப்பைப் பற்றவைக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, ராத்திரி எழுந்து எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். ஆனால் அந்த மாவுப் பாத்திரத்தைத் துடைத்த துணி இருக்கிறதே, அதற்கு விளக்கும் வேண்டாம், காவலும் வேண்டாம். சாயங்காலம் தொங்கப் போட்டால் விடிவதற்குள் தானாகப் புளித்துவிடுகிறது.

அந்த வாடை உனக்குத் தெரியாததில்லை. சாரல் விழ ஆரம்பித்ததும் தென்காசியில் உன் வீட்டுக் கொடியில் நாலு நாளாகக் காயாமல் கிடக்கிற துணிக்கு வருமே, அதேதான். அதோடு கொஞ்சம் மோர், கொஞ்சம் தாளித்த எண்ணெய், கொஞ்சம் பெருங்காயம். உனக்கு அது ஆனி ஆடியோடு போய்விடும். எங்களுக்கு ஐப்பசியில் ஆரம்பித்தால் பங்குனி வரை.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. துணி காய்ந்திருக்கும்போது வாடையே தெரியாது. மடித்து அலமாரியில் வைத்தால் பரம சாது. ஈரம் பட்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவரை மனைவியோடு சாப்பிடக் கூப்பிட்டோம். இந்த ஊரில் விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலையை எதிர்பார்க்க மாட்டார்கள். ஆளுக்கொரு துணியை எடுத்துக்கொண்டு, கழுவின பாத்திரத்தைத் துடைத்துக் கொடுக்க அடுப்பங்கரைக்கே வந்துவிடுவார்கள். அந்த அம்மாளும் வந்தாள். அடுக்கிலிருந்து வெள்ளை வெளேரென்ற துணி ஒன்றை எடுத்தாள். முதல் தட்டு துடைத்தாள், ஒன்றுமில்லை. மூன்றாவது தட்டுக்குத் துணி நனைந்துவிட்டது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, மூக்கு மட்டும் தனியாக ஒரு சுருங்கு சுருங்கியது. ரசம் ரொம்ப நன்றாக இருந்தது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரியே இவள் உத்தரவு போட்டுவிட்டாள்: ஒன்று அந்த வாடை இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும்.

உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். சிரிக்காதே, இதற்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஜப்பானில் காவோ என்கிற சோப்புக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் துவைத்த துணியில் வரும் இந்த நாற்றத்துக்கு மூலவரைப் பிடித்துவிட்டார்கள். மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்று ஒரு பாக்டீரியா. துணியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப்பசையையும் உடம்பு அழுக்கையும் தின்றுவிட்டு ஒரு அமிலத்தைக் கழிக்கிறது, அந்த அமிலம்தான் மூக்கைப் பிடிக்க வைக்கிறது. துணி காய்ந்தாலும் அது சாவதில்லை, காத்திருக்கும். அதனால்தான் நனைந்ததும் உயிர்த்தெழுகிறது. ஆக இது அழுக்கு அல்ல, குடித்தனம். வாடகை கொடுக்காமல் நம் துணியிலேயே தங்கியிருக்கிற குடும்பம்.

ஸ்பாஞ்சு இன்னும் மோசம். குக்கூ கடிகாரத்துக்குப் பேர்போன கருங்காட்டுப் பக்கம் ஃபுர்ட்வாங்கன் என்று ஒரு ஊர், எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை. அங்கத்திய கல்லூரிக்காரர்கள் 2017-ல் வீடுகளில் புழங்கின 14 ஸ்பாஞ்சுகளை வாங்கிச் சோதித்து, 362 வகை பாக்டீரியாவை எண்ணி வைத்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் 5,400 கோடி வரை. அடிக்கடி சுத்தம் செய்கிறோம் என்று சொன்ன வீட்டு ஸ்பாஞ்சிலும் கூட்டம் குறையவில்லையாம். வாரத்துக்கு ஒன்று மாற்றுங்கள், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்கள். நீ இன்னும் தேங்காய் நாரில்தானே தேய்க்கிறாய்? அதையே தேய்.

இங்கே கடைக்குப் போனால் இந்த நாற்றத்துக்கு மருந்தாக வாசனைதான் விற்கிறார்கள். துணிக்கென்றே சென்ட், துணிக்கென்றே வாசனை மணிகள், ஒரு தட்டு நிறைய. ஒருதரம் வாங்கினோம். கருவாட்டு வண்டியில் ஊதுபத்தி கொளுத்தி வைத்த மாதிரி இருந்தது. துணியை மெத்தென்று ஆக்குகிற திரவம் அதைவிடக் கெடுதல். அது நூலின் மேல் பூச்சாகப் படிந்துகொள்ளும். அப்புறம் துணி தண்ணீரையே உறிஞ்சாது, தட்டில் இருக்கிற ஈரத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எங்களைக் கரையேற்றியது கீழ்வீட்டுப் பாட்டி. எண்பதைத் தாண்டியவள். எங்கள் கட்டடத்தில் மாடிப்படி பெருக்குவதற்கு வீட்டுக்கு ஒரு வாரம் முறை வைத்திருக்கிறார்கள், ‘கேர்வோஹெ’ என்று பெயர். யார் முறையோ அவர் கதவில் ஒரு அட்டை தொங்கும். எபர்ஹார்ட் என்ற சிற்றரசர் 1492-லேயே அவரவர் குப்பையை வாரா வாரம் அப்புறப்படுத்த வேண்டும் என்று நகரச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டாராம், அந்த வழிதான் இது என்கிறார்கள். கொலம்பஸ் கப்பலேறின வருஷம் இவர்கள் விளக்குமாற்றை எடுத்துவிட்டார்கள். அந்த அட்டை சரியாகக் கை மாறுகிறதா, மூன்றாம் படியில் தூசி இருக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறவள் பாட்டி. நிலவறையில் எல்லார் வீட்டு வாஷிங் மெஷினும் வரிசையாக நிற்கிற சலவை அறைக்கும் அவள்தான் எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடினால் மேலே வந்து கதவைத் தட்டுவாள்.

ஒரு நாள் நிலவறைப் படியில் என் கூடையை நிறுத்தி, மேலாக இருந்த துணியை எடுத்து, கூச்சமே இல்லாமல் முகர்ந்து பார்த்தாள். ‘எத்தனை டிகிரி?’ என்றாள். நாற்பது என்றேன். ‘அது அவர்களுக்கு நல்ல குளியல்’ என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அவள் அலமாரியைத் திறந்து காட்டினாள் பார், உனக்குக் கண்கொள்ளாது. பாத்திரம் துடைக்கிற துணியைக்கூட இஸ்திரி போட்டு, விளிம்பு பிசகாமல் அடுக்கி வைத்திருக்கிறாள். பாதி லினன், பாதி பருத்தி. அடியில் இருந்தது அவள் அம்மா கல்யாணச் சீராகக் கொண்டு வந்தது. மூலையில் சிவப்பு நூலால் பெயரின் முதலெழுத்து. ஒவ்வொன்றிலும் ஆணியில் மாட்ட ஒரு சின்னக் காது தைத்திருக்கிறது. ஆனால் ஈரத் துணியை அந்தக் காதில் மாட்டக் கூடாதாம், மடிப்புக்குள் ஈரம் நின்றுவிடும், கம்பியில் அகல விரித்துத்தான் போட வேண்டுமாம். கண்ணாடித் தம்ளருக்கு ஒரு துணி, தட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று. மூன்றும் சந்தித்துக்கொள்ளவே கூடாது. இத்தனை ஆசாரம் பார்க்கிறவள், பாத்திரத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசாமலே துடைக்கிறாள். நுரை முழுக்கத் துணிக்குப் போகிறது. அதை நான் சொல்லவில்லை. நானும் இந்த வீட்டில் குடியிருக்க வேண்டுமே.

பிறகு ஒரு பழைய எனாமல் பானையை மேலே எடுத்துவந்து எங்கள் வீட்டு அடுப்பிலேயே ஏற்றினாள். தண்ணீர், இரண்டு கரண்டி சலவை சோடா, துணிகள். கொதி வந்ததும் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அந்தக் கூத்து. துணியில் இருந்த மஞ்சள் கறையெல்லாம் திடீரென்று ரத்தச் சிவப்பாகிவிட்டது. பாட்டி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள், எங்கே வெட்டிக்கொண்டேன் என்று. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே வேலையைச் சோடா செய்திருக்கிறது. இதை இவள் ஜெர்மன் மொழியில் விளக்கினாள். எங்கள் கல்யாணத்தில் வாசலில் நிறுத்தி இந்தத் தண்ணீரைத்தான் சுற்றினார்கள் என்றாள். பாட்டி பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ‘துவைப்பதற்கு முன்பா, பின்பா?’ என்று கேட்டாள்.

கால் மணி நேரம் கொதித்தபின் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. சுத்தம் என்று நினைத்து அடுக்கி வைத்த துணியிலிருந்து வந்தது அத்தனையும். அலசியதும் சிவப்பு போய் மறுபடி மஞ்சள். அது போக வெயில்தான் வேண்டும். அதற்கு இங்கே எங்கே போவது? சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

பாளையங்கோட்டையில் அம்மா இதையெல்லாம் யோசித்தாளா? கரித்துணியைச் சவுக்காரம் போட்டுக் கல்லில் நாலு அறை அறைந்து மொட்டை மாடியில் எறிந்துவிட்டு வருவாள். வெளுப்புக்குப் போன வேட்டியும் போர்வையும் உவர்மண்ணில் தோய்ந்து வெள்ளாவியில் வெந்து வரும். அந்த உவர்மண்ணில் இருப்பதும் இந்தச் சோடாதான். சூடு, காரம், வெயில் மூன்றும் சேர்ந்து வேலையை முடித்துவிடும், பாக்டீரியாவின் பெயர் யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இங்கே அந்த மூன்றையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

மெஷின்காரர்களும் ஒத்துழைப்பதில்லை. 2021 மார்ச் முதல் ஐரோப்பிய யூனியன் முழுக்கப் புது மெஷினில் ‘இகோ 40-60’ என்று ஒரு திட்டம் கட்டாயம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். மின்சாரம் மிச்சம், நல்லதுதான். ஆனால் பெயரில் இருக்கிற அறுபது தண்ணீரில் இருப்பதில்லை. சட்டைக்கு அது போதும். அடுப்பங்கரைத் துணிக்குச் சாதா 60 டிகிரியைத்தான் திருக வேண்டும். சோப்பிலும் ஒரு சூட்சுமம்: திரவ சோப்பில் ஆக்சிஜன் வெளுப்பு கிடையாது. கலர் துணிக்கென்று விற்கும் தூளிலும் கிடையாது. வெள்ளைத் துணிக்கான சாதாரணத் தூளில்தான் இருக்கிறது. 1907-ல் ட்யூஸல்டார்ஃபில் ஹென்கல் கம்பெனி பெர்சில் கொண்டுவந்த நாளிலிருந்து அந்தத் தூளின் பலமே இதுதான். பாட்டி திரவ சோப்பு பாட்டிலைப் பார்த்தால் ஏதோ சர்பத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

மெஷினையும் பார்க்க வேண்டும். முன்பக்கக் கதவைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கும். அதன் மடிப்பை விரலால் பிதுக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வழவழப்பு, சின்னவனின் ஒற்றைக் காலுறை, நம்ம ஊர் இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று. வாடையின் பிறந்தவீடு அதுதான். வெந்நீரில் தூளைப் போட்டு வெறும் மெஷினை ஓட்டி, கதவைத் திறந்தே வைக்கிறோம் இப்போது.

சாரல் காலத்துக்கு உனக்கும் உதவும் என்பதால் இதை மட்டும் எழுதி வைத்துக்கொள். கொதிக்க வைக்க நேரமில்லாவிட்டால் ஆக்சிஜன் வெளுப்புத் தூளை நல்ல வெந்நீரில் கரைத்து ராத்திரி ஊறப்போடு. பருத்திக்கு மட்டும், பட்டுக்குக் கூடாது. கரைத்ததை பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடாதே, வாயு சேர்ந்து வெடிக்கும். பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதையும் கலக்கவே கலக்காதே. வருகிற வாயு நுரையீரலைப் பிடிக்கும். அத்தான் பாத்ரூம் கழுவுகிற வேகத்தில் இரண்டையும் ஊற்றக்கூடியவர், அவர் காதில் போட்டு வை. எதைச் செய்தாலும் கடைசியில் சீக்கிரம் காய வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் வீண். சாரலில் வெயில் வராவிட்டால் ஃபேனுக்கடியில் விரித்துப் போடு, பிறகு இஸ்திரி போடு.

நாங்கள் இங்கே ஹீட்டர் பக்கத்தில் கம்பி ஸ்டாண்டு வைத்து உலர்த்துகிறோம். அந்த ஈரம் சுவரில் ஏறிப் பூசணம் பிடிக்கக் கூடாதென்று, ஒரு நாளைக்கு நாலு தடவை ஜன்னலை அகலத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. காசு கொடுத்துச் சூடாக்கின காற்றை நாலு வேளையும் நானே வெளியே அனுப்பி வைக்கிறேன்.

இத்தனையிலும் ஜெயித்தது நீ கொடுத்தனுப்பிய ஈரிழைத் துண்டுதான் அக்கா. பாட்டியின் லினன் கனம், காய நேரம் பிடிக்கிறது. ஈரிழை ராத்திரி விரித்தால் விடியும்போது சருகாகிவிடுகிறது. புளிக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. பொங்கல் கழித்து நம்ம தெருப் பையன் ஒருவன் இங்கே படிக்க வருகிறானாமே, அவனிடம் ஒரு டஜன் கொடுத்துவிடு. விமானப் பெட்டியின் 23 கிலோ கணக்கில் அது ஒன்றும் பெரிய பாரமில்லை. தேங்காய்ப்பூ துண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அது மூன்று நாள் ஆனாலும் காயாது.

இல்லை, ஒன்றே ஒன்று வை. எலுமிச்சங்காய் ஊறுகாய் பாட்டிலை அதில் சுற்றி அனுப்பு. எண்ணெய் எப்படியும் கசியத்தான் போகிறது. ஊறுகாயை நாங்கள் வைத்துக்கொண்டு துண்டைப் பாட்டியிடம் கொடுத்துவிடுகிறோம். அவளுக்கும் குளிர்காலத்தில் பொழுது போக வேண்டாமா?

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி