றெக்கைச் சித்தப்பா

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் கிளம்பும் எந்த வேனிலும் சிலர் தவறாமல் இருப்பார்கள். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று சோதிக்கும் அத்தை. "இதே புடவை தி.நகர்ல ரெண்டாயிரம் கம்மி" என்று கடைக்காரர் காதில் விழும்படி யாரிடமோ சொல்லும் மாமி. பில் கட்டப்போகும் பெரியப்பா. சில சமயம் கல்யாணப் பெண்ணும் இருப்பாள். இவர்களோடு, புடவைக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவர்தான் றெக்கைச் சித்தப்பா.

உங்கள் வீட்டில் அவர் மாமாவாகவோ மச்சானாகவோ இருக்கலாம். உறவுமுறைதான் மாறும், ஆள் ஒருவர்தான். ஊர் ஊராகப் போய்க் கோழி றெக்கை தின்று, எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்வதே அவருடைய பிறவிப் பயன். லெக் பீஸைத் தொடமாட்டார். நெஞ்சுக் கறி என்று யாராவது பேச்செடுத்தால், "அது காய்ச்சல்ல கிடந்து எழுந்தவன் சாப்பிடறது" என்று முடித்துவிடுவார். வேனில் பெண்கள் அன்றைய தங்க விலையைப் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் செல்போனில் பல்லடம் பண்ணை விலை பார்ப்பார். தமிழ்நாட்டுக் கறிக்கோழிக்கு விலை வைப்பது பல்லடம்தான் என்பது நமக்குத் தெரிந்ததே அவர் புண்ணியத்தில்.

அவர் மனத்தில் இருக்கும் தமிழ்நாட்டு வரைபடமே வேறு. அதில் ஈரோடு என்றால் மஞ்சள் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிபாளையம். மசாலா எதுவும் போடாமல் சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், தேங்காய்ச் சில்லு மட்டும் போட்டு வதக்கும் சிக்கனுக்காக அந்த ஊரை அவர் மன்னித்து வைத்திருக்கிறார். மன்னிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? கறியைப் பொடிப்பொடியாக வெட்டிவிடுகிறார்களாம், அதில் றெக்கை எது, முதுகு எது என்று தெரியவில்லையாம். சென்னை அண்ணா சாலை வழியாகப் போகும்போது புகாரி ஓட்டலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். 1965-ல் சிக்கன் 65-ஐக் கொண்டுவந்தவர்கள் அதற்கு றெக்கையை எடுத்திருந்தால் நாட்டின் போக்கே மாறியிருக்கும் என்பது அவர் கட்சி. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1964-ல், அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஆங்க்கர் பாரில் தெரஸா பெல்லிசிமோ என்ற அம்மாள், சூப்புக்குப் போட்டுக்கொண்டிருந்த றெக்கையைப் பொரித்துக் காரச் சாஸிலும் வெண்ணெயிலும் புரட்டிக் கொடுத்து உலகப் புகழ் பெற்றார். "ஒரே வருஷந்தான் வித்தியாசம். அந்தம்மா றெக்கையைப் புடிச்சது. நாம நம்பரைப் புடிச்சோம்."

இந்தச் சரித்திரத்தை அவர் நேரில் போய்ச் சரிபார்த்தும் வந்திருக்கிறார். மகன் அமெரிக்காவுக்கு அழைத்தான். அங்கே போகும் எல்லாத் தமிழ்ப் பெற்றோரையும்போல இவரையும் நயாகராவுக்குக் கூட்டிப்போனான். பஃபலோ பக்கத்திலேயே இருக்கிறது. நயாகராவைப் பற்றிக் கேட்டால், "தண்ணி விழுது" என்பார். ஆங்க்கர் பாரைப் பற்றிக் கேட்டால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கடைசியில், "எல்லாம் சரி. கூட ஒரு பச்சைத் தண்டு வைக்கிறான். அதை எதுக்கு வைக்கிறான்னு கடைசி வரைக்கும் யாரும் சொல்லல" என்று முடிப்பார்.

இப்பேர்ப்பட்டவர் கோயிலும் பட்டும் இட்லியுமாக இருக்கிற காஞ்சிபுரத்துக்கு ஏன் வருகிறார் என்று தோன்றும். வெளியூர்க்காரர்களின் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடையில் ஆரம்பித்துச் சன்னிதித் தெருவில் முடிந்துவிடும். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் காலையிலிருந்து தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதி மிதி என்று மிதித்தவனுக்குச் சாயங்காலம் எதையாவது சுள்ளென்று கடிக்கத் தோன்றாதா? கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இரண்டு பேரும் வேலை முடிந்து எங்கே சாப்பிடுகிறார்கள் என்பதுதான் சித்தப்பாவின் ஆராய்ச்சி. 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சேதியை அவரிடம் சொன்னபோது, "நல்லது. நெசவாளிங்க சாப்பிடற கடைக்கு எப்ப தருவாங்க?" என்று கேட்டார்.

அவருடைய பக்தியை நீங்கள் பார்க்க வேண்டும். விடியற்காலையில் எல்லோரையும் தட்டி எழுப்புவது அவர்தான். "பன்னெண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க. அப்புறம் நாலு மணிக்குத்தான். முதல்ல சாமி, அப்புறம் புடவை!" என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டுப் பெரியவர்களுக்குக் கண் கலங்கிவிடும். காரணம் வேறு. கவுச்சி சாப்பிட்டால் அன்றைக்குக் கோயிலுக்குள் போகக் கூடாது. அதில் அவர் மகா கண்டிப்பு. எனவே கோயில் முன்னால் முடிந்தால்தான் கோழி பின்னால் வரும். கோயில்கள் விஷயத்தில் ஊர் வழக்கமெல்லாம் அத்துபடி. பெரியம்மா ஏகாம்பரநாதர் கோயிலில் அம்பாள் சன்னிதியைத் தேடினால், "அண்ணி, காஞ்சிபுரத்துல எந்தச் சிவன் கோயில்லயும் தனியா அம்பாள் சன்னிதி கிடையாது. எல்லாத்துக்கும் சேர்த்துக் காமாட்சிதான். நாமதான் அங்க கும்பிட்டாச்சே" என்று கால் மணி நேரத்தை மிச்சம் பிடிப்பார். ஊரில் சொல்வதும் அப்படித்தான். வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொடும் வரிசையில் எல்லாருக்கும் முன்னால் தொட்டுவிட்டு, வெளியே செருப்போடு நிற்பார்.

குடலை இட்லியை அங்கே யாரோ கையில் கொடுத்தார்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைத்த இட்லி. பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். "மிளகு இருக்கு. சீரகம் இருக்கு. சுக்கு இருக்கு. பெருங்காயம், நெய் எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆழ்ந்த யோசனையில் நின்றார். எது இல்லை என்று அவர் யோசித்தார் என்பதைக் கோயில் வாசலில் எழுத வேண்டாம்.

பட்டுக்கடையில் வெள்ளை மெத்தை விரிப்பில் எல்லோரும் உட்கார்ந்ததும் இவர் புடவை பிரித்துப் போடும் பையன்கள் பக்கம் நகர்வார். இங்கேதான் அவருடைய தொழில் நுணுக்கம். கூகுள் நட்சத்திரங்களை அவர் நம்புவதில்லை. ஆட்டோக்காரரையும் கேட்பதில்லை, கோயில் வாசலிலிருந்து பட்டுக்கடைக்கு ஆள் கொண்டுபோய்க் கமிஷன் வாங்கிப் பழகியவர் கோழிக்கும் வாங்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? லாட்ஜ் மேனேஜர் சொல்வது ஏ.சி. உள்ள கடையாக இருக்கும். ஆனால் நாள் முழுக்க நின்றுகொண்டே ஆயிரம் மடிப்பைப் பிரித்து மறுபடி மடிக்கும் பையனுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பசி நிஜம், பையில் காசு கம்மி. அவன் பொய் சொல்லமாட்டான்.

"தம்பி, சாயங்காலம் இங்க சிக்கன் எங்க நல்லாருக்கும்?"

அதுவரை "அக்கா, இது பேட்னி போட்டது, முந்தானையைத் தனியா இணைச்சது" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தவன் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வரும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூங்கில் மண்டபம் தாண்டி ஒரு தள்ளுவண்டி, சார். போர்டு கிடையாது. ஏழு மணிக்கு மேல வருவாரு" என்பான். அதன்பிறகு சித்தப்பாவுக்குத் திடீரென்று எல்லாப் புடவையும் பிடித்துப்போகும். "இந்த அரக்குதான் பொண்ணுக்கு எடுப்பா இருக்கு! முடிங்க!" என்று எழுந்து நிற்பார். மூன்று மணி நேரம் முடிவாகாத விஷயம் பத்து நிமிஷத்தில் முடியும்.

வேனில் ஏறியதும் பெரியம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "முகூர்த்தப் பட்டைக் கையில வச்சுக்கிட்டுக் கவுச்சி கூடாது. வீட்டுக்குப் போய் சாமி ரூம்ல வச்சப்புறம்தான் எதுவும்."

சித்தப்பா சளைக்கவில்லை. "அண்ணி, பட்டு நூல் எப்படி வருது? கூட்டோட புழுவைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கறாங்க. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்குல உயிரு. இந்தக் காஞ்சிபுரத்துலயே இருந்த மகா பெரியவர் அதனாலதான் பட்டே கட்டாதீங்கன்னு சொன்னார். அத்தனை புழுவையும் மடியில வச்சுக்கிட்டு ரெண்டு றெக்கைக்குப் பஞ்சாயத்தா?"

பெரியவர் அப்படிச் சொன்னது உண்மை. அவர் கோழிக்குச் சிபாரிசு செய்யவில்லை என்பதும் உண்மை. ஆனால் வேனில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பேச ஆளில்லை. எல்லாருக்கும் பசி. பெரியம்மா கொஞ்சம் இறங்கிவந்து, பையைத் தொடுகிறவருக்கு மட்டும் கவுச்சி இல்லை என்று தீர்ப்பைத் திருத்தினார். உடனே அந்தப் பை அத்தை மடியிலிருந்து மாமி மடிக்குப் போனது. அங்கிருந்து டிரைவர் பக்கத்து சீட்டுக்கு. டிரைவர், "சார், நானும் சாப்பிடுவேன்" என்றார். கடைசியில் பில் கட்டிய பெரியப்பாவே அதைக் கட்டிக்கொண்டு வேனில் உட்கார்ந்தார்.

தள்ளுவண்டி இருந்தது. எவர்சில்வர் பேசினில் சிவப்பாக ஊறிக் கிடந்தது கோழி. பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"றெக்கை தனியா இருக்கா?"

"றெக்கை இல்லண்ணா. லாலிபாப்தான் இருக்கு."

சித்தப்பா நம் பக்கம் திரும்பினார். வகுப்பு ஆரம்பம். "ஊர்ல பாதிப் பேர் லாலிபாப்பைக் கால்னு நினைச்சு சாப்பிடறான். அது றெக்கை!" வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். றெக்கைக்கு மூன்று கணு. தோளோடு ஒட்டியது ஒற்றை எலும்பு, நடுத்துண்டு இரட்டை எலும்பு, கடைசியில் வெறும் நுனி. ஒற்றை எலும்புத் துண்டின் மெல்லிய முனையைச் சுற்றிக் கத்தியால் ஒரு கீறல்; நரம்பு அறுந்ததும் கறியை விரலால் அழுத்தி மறுமுனைக்கு உருட்டிக்கொண்டே போனார். எலும்பு கைப்பிடியாக நீட்டிக்கொண்டது, கறி மேலே பந்தாக நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது.

சித்தப்பாவுக்கு அது போதாது. லாலிபாப் ஆக்காமல், நடுத்துண்டைத் தோலோடு பொரித்துத் தர வேண்டும். "தோலு ஏதுண்ணா? நம்ம கறிக்கடையில எல்லாம் உரிச்சுத்தானே தர்றாங்க" என்றார் வண்டிக்காரர். றெக்கை தமிழ்நாட்டில் தலையெடுக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்று நானும் நினைக்கிறேன். றெக்கையின் ருசி முக்கால்வாசி தோலில். பிராய்லர் கடையில் தோலை உரித்தபிறகு மிஞ்சுவது எலும்பும் ஏமாற்றமும்தான்.

ஆனாலும் இவர் ஏன் றெக்கையைப் பிடித்துக்கொண்டார் என்பதைச் சித்தி ஒருநாள் சொன்னாள். வீட்டில் இவர் கடைக்குட்டி. ஒரு கோழிக்கு இரண்டு கால்தான். ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று மூத்தவருக்கு. அக்காக்களுக்குக் கல்யாணமானதும் மூத்தவர் கால் மாப்பிள்ளைக்குப் போனது. இவர் தட்டுக்கு எப்போதும் வந்தது றெக்கை. இன்னொரு றெக்கையை எல்லாரும் எழுந்தபிறகு இவருடைய அம்மா சட்டியில் தேடி எடுத்துக்கொள்வாராம். "அவங்க ரெண்டு பேருக்குந்தான் அதோட ருசி தெரியும். உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவாங்க" என்றாள் சித்தி. இன்றைக்கு அவர் சொந்தக் காசில் எத்தனை கால் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கமாட்டார்.

நடுத்துண்டு தோலில்லாமலேயே பொரிந்து வந்தது. கருவேப்பிலை மேலே கிடந்தது. சித்தப்பா இரண்டு எலும்பில் மெல்லியதைத் திருகி உருவினார். கறி ஒரே துண்டாக இன்னொரு எலும்பில் நின்றது. வாயில் வைத்தார். எலும்பு மட்டும் வெளியே வந்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் கரண்டியைச் சட்டியிலேயே நிறுத்திவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஆம்பூர்ல ஒரு இடம் இருக்கு பாரு…"

இந்த ஜாதி மனிதர்களிடம் இதுதான் தொல்லை. சிறந்த றெக்கை அவர்கள் இப்போது நிற்கும் ஊரில் இருந்ததே கிடையாது. ஆம்பூரில் நின்றால் இன்னொரு ஊரைச் சொல்வார். பஃபலோவில் நின்றபோது மகனிடம் என்ன சொன்னார் தெரியுமா? "காரம் போதாது. நம்ம ஊர்ல வண்டியில போடுவான் பாரு…" அதே வாயோடு இங்கே இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு வாங்கினார். வேனுக்குள் பையோடு இருந்த பெரியப்பாவுக்கு ஜன்னல் வழியாக ஒரு லாலிபாப் போனதையும், அவர் இடது கையால் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டதையும் பெரியம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

ஆகவே, பட்டெடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு றெக்கைச் சித்தப்பாவைத் தவறாமல் கூட்டிப்போங்கள். தரிசனம் நடை சாத்துவதற்குள் முடியும், புடவைத் தேர்வு இருட்டுவதற்குள் முடியும். ஐப்பசி முகூர்த்தத்துக்குப் புரட்டாசியில் எடுக்கப் போவதானால் மட்டும் அவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெருமாள் மாதம், முட்டைகூடத் தொடமாட்டார். எங்கும் போகிற அவசரம் இல்லாததால் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புடவையாகப் பிரிக்கச் சொல்லி, ஜரிகையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்துவிடுவார்.