எஃப்டிஸ்க் அண்ணன்

நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை அவர் கண்ணில் காட்டிவிடக் கூடாது. முகம் வாடிவிடும். "இன்வேலிட் சிஸ்டம் டிஸ்க்" என்று கறுப்புத் திரையில் நிற்கிற பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கள், வைத்த காபி ஆறிப்போகும்.

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். வைகை அணையில் பொரித்த மீன் கடைகளைத் தாண்டிப் போனால் எங்கள் எஃப்டிஸ்க் அண்ணன். போடி ஏலக்காய் மண்டியின் ஃபாக்ஸ்புரோ கணக்கும், ஆண்டிபட்டி டிடிபி கடையின் விண்டோஸ் 98-ம் அவர் பராமரிப்பில். அந்த டிடிபி பெட்டியைத் தூக்கிப் போடவும் முடியாது. பேஜ்மேக்கர், பழைய எழுத்துருக்கள், காதணி விழா முதல் கண்ணீர் அஞ்சலி வரை எல்லாம் அதற்குள்தான்.

"1959-ல திறந்த அணை நிக்கிது. 1999-ல வாங்குன டிஸ்க் நிக்காதாக்கும்?"

டிஸ்க்கைக் காதருகே வைத்துச் சுழலும் சத்தத்தைக் கேட்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலம் ஒன்று வெளிவரும். கடைக்காரர் பயபக்தியோடு கை நீட்டுவார். உள்ளே இருப்பவை ஜம்பர்கள்! மாஸ்டரா ஸ்லேவா என்று தீர்மானிக்கிற, அரிசி அளவு கறுப்புத் தொப்பிகள்.

அடுத்து பாடம்.

"தம்பி, டிஸ்க்கும் நம்ம அணை மாதிரிதேன். 71 அடி தேக்கலாம். ஆனா 66-லயே மொத எச்சரிக்கை விட்டுருவாய்ங்க. நீ விளிம்பு வரைக்கும் ரொப்பி வச்சிருக்க."

"அப்ப பார்ட்டிஷன்?"

"அஞ்சு மாவட்டத்துக்குத் தண்ணி பிரிக்கணும்ல? டிஸ்க்கோட மொத 512 பைட்டுல, பார்ட்டிஷன் எழுத நாலு வரிக்குத்தேன் இடம். தேனி, திண்டுக்கல், மதுரைக்கு ஆளுக்கொரு பிரைமரி. நாலாவதை எக்ஸ்டென்டட் ஆக்கி, சிவகங்கையும் ராமநாதபுரமும் அதுக்குள்ள லாஜிக்கல்."

ராமநாதபுரத்துக்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

80 ஜிபி டிஸ்க்கை, பார்ட்டிஷன் பிரிக்கிற எஃப்டிஸ்க் நிரல் 10 ஜிபி சொச்சமாகக் காட்டினால் பிறர் பதறுவார்கள், அண்ணன் பூரிப்பார். விண்டோஸ் 98-ன் எஃப்டிஸ்க்குக்கு 64 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது, திரும்பவும் சைபரிலிருந்து தொடங்கிவிடும். அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. யாராவது காலேஜ் பையன் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் அடித்திருப்பான், விண்டோஸ் 98 அதைத் திரும்பியும் பார்க்காது. அன்றைக்கு அந்தப் பையனின் பரம்பரைக்கே அர்ச்சனை நடக்கும்.

நக்கலடித்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற ஃபேட் அட்டவணையை டிஸ்க் இரண்டு பிரதி வைத்திருக்கும். முதல் பிரதி கெட்டால் இரண்டாவதைத் தோண்டி எடுத்துவிடுவார். இரண்டிலும் சேதம் என்றால், ஸ்கேன்டிஸ்க் பொறுக்கிக் கட்டும் சிஹெச்கே மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். பழைய எழுத்துரு என்பதால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "திருநிறைச்செல்வி... பொண்ணு வீடு சின்னமனூரு" என்று கடகடவென்று வாசிப்பார்! இந்த எழுத்தறிவுக்குப் பல்கலைக்கழகம் பட்டம் தருவதில்லை.

அந்தக் கல்யாணப் பத்திரிகை மீண்டது. கடைக்காரர் கும்பிட்டு, "எவ்வளவுண்ணே?" என்றார். அண்ணன் காதில் விழவில்லை. பிழை எதுவும் இல்லை என்று ஸ்கேன்டிஸ்க் சொன்ன வருத்தத்தில் இருந்தார். அப்போது அதே திரை, சர்ஃபேஸ் ஸ்கேனும் செய்யட்டுமா என்று கேட்டது.

"வேணாண்ணே, ராத்திரிக்குள்ள அச்சுக்குப் போகணும்..."

அவர் சொல்லி முடிக்குமுன் அண்ணன் எண்டரைத் தட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.