தன்னாமுனையையும் வேலிக்குள் எடுங்கள்

தலைவர்,
இலங்கை முதலீட்டுச் சபை,
கொழும்பு.

ஐயா,

ஏறாவூர்ப் புன்னைக்குடாவில் ஏறத்தாழ 300 ஏக்கரில் புடவைக் கைத்தொழில் பூங்கா அமைக்கத் தீர்மானித்தமைக்கு நன்றி. பூவில்லாத பூங்கா என்று குறை சொல்ல மாட்டோம். பிள்ளைகளுக்கு ஊரோடு வேலை கிடைத்தால் மத்திய கிழக்குக்கு ஒருத்தியாவது குறைவாகப் போவாள்.

வேலிக்குள் நீர், மின்சாரம், கார்பெட் வீதி எல்லாம் முதலீட்டாளருக்கு முன்பே வந்து காத்திருக்கும். எங்கள் சந்தேகம் சின்னது. வேலையாட்கள் எதில் வருவார்கள், ஹெலிகொப்டரிலா?

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூருக்கு ஏ15 வீதி எங்கள் ஊரான தன்னாமுனைக்குள்ளால்தான் போகிறது. மேற்கே வாவி, கிழக்கே கடல். ஒதுங்கி வழிவிடவும் இடமில்லை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சீ, டீ தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. குழிக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை. அதனால்தான் அது சுதந்திரமாக வளர்கிறது.

1978இல் கட்டுநாயக்கவில் முதல் சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்தபோது உங்கள் பெயர் பெருங் கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு. வேலிக்குள் எல்லாம் ஒழுங்கு. வெளியே அவரிவத்தையில் பெண்கள் ஓர் அறைக்குள் நாலைந்து பேராக வாடகைக்கு இருந்தார்கள். மேலதிக வேலை முடிந்து இருட்டில் நடந்தார்கள். 1992இல் பெயரை மாற்றிக்கொண்டீர்கள். உங்கள் பொறுப்பு இன்னும் அதே வேலியோடு முடிகிறது.

ஆகவே தாழ்மையுடன் கோருவது:

1. இத்தனை பேருக்கு வேலை என்று தலைக்கணக்கு அறிவிக்கும்போது, அந்தத் தலைகளுக்குக் கீழே கால்களும் உண்டு என்பதைச் சேர்த்து அறிவிக்கவும்.

2. மாரியில் எங்கள் கிறவல் ஒழுங்கைகள் வாவியோடு உறவாடும் நாட்களில், பிந்தி வருவோரின் வருகைக் கொடுப்பனவை வெட்டாதிருக்கச் சொல்லவும். முடியாவிட்டால் ஆளுக்கொரு தோணி தரவும்.

3. இரண்டும் இயலாதெனில், வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தன்னாமுனையையும் உள்ளே எடுக்கவும். வரிச்சலுகை எங்களுக்கு வேண்டாம். வடிகான் வெட்டினால் போதும்.

இங்ஙனம்,
வேலிக்கு வெளியே வசிப்போர்,
தன்னாமுனை.

பிரதிகள்: ஏ தர வீதிக்காரர், சீ தர வீதிக்காரர், ஒழுங்கைக்காரர் – ஒருவர் மற்றவருக்கு அனுப்பிவைப்பதற்காக.