பூசு வண்டி: டிங்கரிங் பட்டறையின் காலமும் நிறமும் பற்றி ஓர் இலக்கண ஆய்வு

தமிழில் காலம் மூன்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான்காவதாக ஒன்று இருப்பதை எந்த உரையாசிரியரும் கண்டுகொள்ளவில்லை. அவர்களில் ஒருவர்கூடப் பழைய காரைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்ததில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. அந்தக் குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை: தென்சென்னையில் ஒரு வேப்பமரத்தடியில் நடக்கும் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை. பெயர் வேண்டாம்; அந்த மரத்தடிக்கு நான் மறுபடியும் போக வேண்டியிருக்கலாம். முதன்மை ஆதாரம்: 1967ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. துணைமை ஆதாரம்: எதிர் டீக்கடையில் எட்டு மாதம் உட்கார்ந்து கேட்டவை. நெறியாளர்: என் மனைவி. “பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு வேலையப் பாருங்க” என்ற கருதுகோளை அவர் முதல் நாளே முன்வைத்தார். அதை மறுப்பதற்காகத்தான் இந்த ஆய்வே தொடங்கியது.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வந்து, 1961இலிருந்து நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஆனது. அம்பாசடர் வங்காளத்திலிருந்தும் பியட் பம்பாயிலிருந்தும் வந்துகொண்டிருந்தபோது இது ஒன்றுதான் உள்ளூர்ப் பிள்ளை. ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்; மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்தது போலிருக்கும். பானெட் தனி மூடி அல்ல. இரண்டு பக்க மட்கார்டுகளும் ஹெட்லைட்டுகளும் சேர்ந்து வண்டியின் முகம் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் துன்பத்தில் பாதி அதற்குள் இருக்கிறது.

வண்டி பெரியப்பாவுடையது. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆவதற்கு முன்பே பதிவானதால் எண் எம்.எஸ். என்று தொடங்கும். எனக்கு எழுதிக் கொடுத்த அன்று சாவியோடு ஒரு வாக்கியத்தையும் கையில் வைத்தார்: “ஒரு கீறல் விழுந்தது கெடயாதுடா இதுல.”

வைகாசி மாதம் வண்டியை விட்டேன். மேஸ்திரி அதை ஒருமுறை சுற்றி வந்து, கதவின் அடிப்பக்கத்தில் விரலால் சுண்டினார். “லைட்டா துரு இருக்கு சார். பட்டி வச்சு அடிச்சா ஆனிக்குள்ள குடுத்துர்லாம்.”

இங்கே இலக்கணம் தொடங்குகிறது. நேரான சொல் இருக்க, அதை விடுத்துத் தகுதியான வேறு சொல்லால் சொல்வதைத் தகுதி வழக்கு என்பார்கள். மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என்று அது மூன்று வகை. விளக்கு அணைந்ததை ‘மலையேறியது’ என்பது மங்கலம். மிதியடியைத் தூக்கியபோது ஓட்டை வழியாகத் தரையில் போகும் எறும்பு வரிசை தெரிந்ததை ‘லைட்டா துரு’ என்பதும் அந்த வகையே. வேலைக்கு வராத பையனைப் பற்றிக் கேட்டால் ‘ஊருக்குப் போயிருக்கான்’ என்பது இடக்கரடக்கல். குழூஉக்குறிகள் பின்னால் வரும்.

ஆனி முடிவில் போனேன். “முடிஞ்ச மாதிரிதான் சார்” என்றார். மேலுக்கு எளிய வாக்கியம். பிரித்துப் பார்த்தால் தலை சுற்றும். ‘முடிஞ்ச’ இறந்தகாலம். ‘மாதிரி’ உவம உருபு. உவமை என்று வந்துவிட்டால் உவமேயம் வேறு பொருள் என்றாகிறது. முகம் நிலா மாதிரி இருந்தால் முகம் நிலா இல்லை. எனவே வேலை முடியவில்லை. கடைசியிலுள்ள ‘தான்’ தேற்றப் பொருளில் வந்து, முடியாததை உறுதிப்படுத்துகிறது. ‘நாளைக்கு’ என்ற சொல்லும் இப்படித்தான். அதிலுள்ள ‘கு’ நான்காம் வேற்றுமை உருபு. கொடை, பகை என்று அதற்குப் பல பொருள்கள் உண்டு. முதல் மூன்று மாதம் நான் அதைக் கொடைப் பொருளில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காவது காலத்துக்கு இலக்கணத்திலேயே இடம் இருப்பது ஆவணியில்தான் உறைத்தது. ஊறுகாய் என்கிறோம். ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா? மூன்றும்தான். ஜாடிக்குள் இருக்கும்வரை காலம் வெளியே தெரியாது. அதுவே வினைத்தொகை. பட்டறையில் நிற்கும் கார் ‘பூசு வண்டி’. பூசிய வண்டி என்பதற்குப் பானெட்டில் சாம்பல் நிறப் பிரைமர் சாட்சி. பூசுகின்ற வண்டி என்பதற்கு, என்னைக் கண்டதும் பையன் கையிலெடுக்கும் எமரி ஷீட் சாட்சி. பூசும் வண்டி என்பதற்கு மேஸ்திரியின் வாய்ச்சொல். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மை. அவரைப் பொய்யர் என்று சொல்ல எந்த இலக்கண நூலும் இடம் தராது.

அகழாய்வைப் பற்றி ஒரு சொல். பழைய பூச்சை வாட்டர் பேப்பர் கொண்டு சரிவாகத் தேய்க்கும்போது, வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல அடுக்குகள் தெரியும். கீழடியில் மண்ணடுக்கு பார்ப்பவர்கள் இதைப் பார்த்தால் மகிழ்வார்கள். கூரையில் மூன்றே வளையங்கள்: நீலம், சாம்பல், தகரம். இடது கதவில் ஏழு. அதற்கும் கீழே, தேய்க்கத் தேய்க்க மஞ்சள் மாவாக உதிரும் பட்டி. வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பழனி முருகன் காந்தத்தை எடுத்து வந்தேன். காந்தம் இரும்பைப் பிடிக்கும், பட்டியைப் பிடிக்காது. பழைய வண்டி வாங்குபவர்கள் எல்லோரும் செய்யும் சோதனைதான். கூரையில் முருகன் பச்சென்று ஒட்டினார். இடது கதவில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு தரைக்கு இறங்கினார். இன்றைய தொழிற்சாலைகளில் பூச்சு மொத்தமும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான், இரண்டு தலைமுடி கனம். இங்கே பட்டி மட்டும் ஒரு விரல் கனம். “பலமா ஒண்ணு வாங்கியிருக்கு சார் இந்தக் கதவு. எதுனா லாரியா இருக்கும்” என்றார் மேஸ்திரி. பெரியம்மாவுக்குப் போன் செய்து மெல்லக் கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “சாப்டியா?” என்றார். இடக்கரடக்கல் பட்டறைக்கு மட்டும் உரியதல்ல என்று இந்த இடத்தில் குறித்துக்கொள்கிறேன்.

இனி வரலாறு. ஆரம்பகாலக் கார்களுக்குப் பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினார்கள். ஒவ்வொரு கோட்டும் காய்ந்து வண்டி வெளியே வர வாரக்கணக்கில் ஆனது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டுபான்ட், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டைக் கொண்டுவந்தன. டூக்கோ என்பது அதன் வியாபாரப் பெயர். நம் தச்சர்கள் இன்னும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அதனால் வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. மனித குலம் அவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் வேப்பமரத்தடியில் யார் செலவழிக்கிறார்கள் என்பது இப்போது வெளிச்சம். ஸ்ப்ரே கன்னுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. டிவில்பிஸ் என்ற அமெரிக்க டாக்டர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவர் மகன் அதே வழியில் பெயின்ட் தெளிக்கும் கருவி செய்தார். ‘ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்ற வாக்கியம் பட்டறைக்குள் எந்த வழியாக வந்தது என்று இனி யாரும் ஆராய வேண்டாம்.

தாமதத்துக்கான காரணங்கள் பஞ்சாங்கத்தை ஒட்டியே வந்தன. ஆடியில் பையன் ஊருக்குக் கூழ் ஊற்றப் போனான். புரட்டாசியில் ஆயுத பூஜைக்காகப் பட்டறையைக் கழுவிவிட்டார்கள். பெயின்ட் இல்லாத என் பானெட்டுக்கு அன்று சந்தனம் மட்டும் இரண்டு கோட்டு விழுந்தது. ஐப்பசியில் தீபாவளி, பிறகு மழை. கார்த்திகையில் மேஸ்திரி சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். மாலை போட்டவரிடம் கோபிக்க முடியாது. “சாமி, வண்டி என்னாச்சு சாமி?” என்று பணிந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குச் ‘சாமி சரணம்’ என்ற விடை கிடைக்கும். அது எந்தக் காலம் காட்டும் சொல் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

மழையை மட்டும் பொய்க் காரணம் என்று தள்ள முடியாது. என்.சி. என்று சுருக்கிச் சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டில் தின்னர் வேகமாக ஆவியாகிப் பறக்கும்போது தகரம் குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பூச்சின் மேல் படிந்து பால் ஊற்றியதுபோல வெளுக்கும். ‘பூத்துப்போச்சு’ என்பது இதற்கான குழூஉக்குறி. ஐப்பசியில் பூசிய என் பானெட் பூத்தது. பூத்ததைப் பார்த்துவிட்டு, “பி.யூ. அடிச்சிர்லாம் சார், கண்ணாடி மாதிரி வரும்” என்றார். ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யூ. எனும் பாலியூரித்தேனின் காரமான தின்னர் இளசான என்.சி. மேல் பட்டால் அடிப்பூச்சு இளகிச் சுருங்கும். அடித்தார்கள், சுருங்கியது. ஆப்பத்தின் ஓரம் நினைவுக்கு வந்தது. மறுபடியும் தகரம் தெரியத் தேய்த்தார்கள். அடுத்த முறை யாரோ எண்ணெய்க் கையால் தொட்டிருக்க, அந்த இடங்களில் மட்டும் பெயின்ட் ஒட்டாமல் வட்டவட்டமாக விலகி நின்றது. இதற்கு மீன்கண் என்று பெயர். மதுரையில் கும்பிடுவார்கள், இங்கே எமரி போடுவார்கள்.

நிறத்துக்கு வருகிறேன். ஆர்.சி. புத்தகத்தில் ‘லைட் ப்ளூ’ என்று இரண்டே சொற்கள். தொழிற்சாலையோ மூடிப் பல வருடமாகிறது. வெயில் படாத இடத்தில்தான் அசல் நிறம் இருக்கும் என்று டேஷ்போர்டுக்குக் கீழேயும் டிக்கி விரிப்புக்கு அடியிலும் தேடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம் கண்டுபிடித்தோம். கடையில் கொடுத்தால் மெஷின் வைத்துக் கிராம் கணக்கில் கலந்து தருவார்கள். மேஸ்திரிக்கு அது கௌரவக் குறைவு. டப்பாவில் குச்சி விட்டுக் கலக்கி, குச்சியை வெயிலில் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். வெயிலில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலங்கள் டியூப்லைட்டில் சண்டைக்கு நிற்கும். போதாக்குறைக்கு, வண்டியின் முகம் தனியே கழன்று வருவதால் உடம்பை மார்கழியில் ஒரு டப்பாவிலும் பானெட்டைத் தையில் இன்னொரு டப்பாவிலும் பூசினார்கள். மாட்டிப் பார்த்தால் முன்பாதி வானம், பின்பாதி குளம்.

“ஏன் மேஸ்திரி, முன்னாடி பச்சையா தெரியுதே?”

“பச்சையா? நீலம்தானே சார் அது!”

நான் வாதாடவில்லை. ஒரே திருமாலைக் கார்வண்ணன் என்றும் நீலமேகன் என்றும் பச்சைமால் என்றும் பாடிவிட்டு, எந்த நிறம் என்று கேட்டால் கையைக் கூப்பும் மொழி நம்முடையது. அந்த மொழி பேசும் மனிதரிடம் நிற எண் கேட்பது என் தவறு.

தை பிறந்து இரண்டாம் வாரம் வண்டி வீடு வந்தது. ஜன்னல் ரப்பர் பீடிங்கிலும் நீலம், வைப்பர் தண்டிலும் நீலம். டிக்கியில் இருந்த ‘ஹெரால்டு’ எழுத்துகளில் ஓர் எழுத்தைக் காணவில்லை. வலது கதவுக் கைப்பிடிக்குக் கீழே, பளபளக்கும் மேல்பூச்சுக்குள் ஓர் ஈசல், இரண்டு இறக்கையும் விரித்தபடி. மழை ஓய்ந்த ஏதோ ஓர் இரவில் குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு அடித்திருக்கிறார்கள். மரப்பிசினில் மாட்டி கோடிக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும் பூச்சிகளை அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது பி.யூ. காலத்துப் படிவம். நெறியாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “ஈசலுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. அந்தப் பட்டறைக்குப் போய் ஒரே நாள்ல வேல முடிஞ்சது இதுக்கு மட்டும்தாங்க.”

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பெரியப்பாவிடம் காட்ட எடுத்துப்போனேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தார். பானெட் முன்னால் நின்று, “அதே கலர்” என்றார். வாசல்படியில் நின்ற பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பா இடது கதவுக்கு வந்தார். கையை அதன்மேல் வைத்து, முன்னிருந்து பின்னாக நீளத்துக்குத் தடவினார். ஓரிடத்தில் விரல்கள் கொஞ்சம் நின்று, பிறகு நகர்ந்தன.

“பாத்தியா? ஒரு கீறல் கெடயாதுன்னு சொன்னேன்ல?”

“ஆமா பெரியப்பா” என்றேன். முருகன் சட்டைப் பையிலேயே இருந்தார்.