சன்மைக்காப் புணரியல்

நிலைப்பொருட் பழமையும் வருபொருள் மினுக்கும்
பசையெனும் சாரியை நடுவுறப் புணரும்.

என்பது சூத்திரம். வாஷ்பேசினுக்கு அடியில் கிடக்கும் பழைய அலமாரி, புதிதாக வந்த கறுப்புக் குழாய்க்கும் சாம்பல் டைல்ஸுக்கும் இணையாகத் தோன்றும்பொருட்டு, அதன்மேல் வேறொரு தோல் ஒட்டும் முறைமை கூறுகின்றது. நிலைப்பொருளாவது, பிளாட்டோடு பில்டர் கொடுத்த தேக்கு நிற அலமாரி. வருபொருளாவது, கடையில் ஆல்பம் புரட்டித் தேர்ந்த மேட் ஃபினிஷ் சன்மைக்கா. அலமாரியையே மாற்றினால் என்னை எனின், அது நம் ஆய்வெல்லைக்கும் பட்ஜெட்டுக்கும் புறம்பு என்க.

ஒட்டுப்பலகை நீர்பட்டு அடையும் விகாரம் மூன்று. அடிவிளிம்பில் கொப்புளம் எழுவது தோன்றல். கதவு வளைந்து சாத்த மறுப்பது திரிதல். கீல் திருகு சுற்றச் சுற்ற இறுகாமற்போவது கெடுதல். முதலாவதைச் சீவிப் பட்டி பார்க்கலாம். மூன்றாவது வந்தபின் சன்மைக்கா ஒட்டுவது பிணத்துக்குப் பவுடர் பூசுவது. கடல்தரப் பலகைக்கான ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தரவிதி, கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் அடுக்குகள் பிரியலாகாது என்கிறது. அத்தனை சூட்டில், அத்தனை நேரம் குளிப்பவர் எவரையும் இவ்வாய்வாளர் கண்டதில்லை. பச்சைத் தண்ணீருக்கே ஊதிப்போன அலமாரிகளை நிறையக் கண்டிருக்கிறார். அவை பெரும்பாலும் மரத்தூள் பலகை. விளிம்பை மூடாமல் விட்டால் நீர் அங்கேதான் குடியேறும்.

இனிச் சாரியை. வெள்ளைப் பசையில் உள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும். அலமாரிமேல் ஏற்கெனவே இருக்கும் பழைய சன்மைக்காவோ ஒரு சொட்டும் உறிஞ்சாது. ஆகவே இவ்விடத்து ரப்பர் பசையே விதி. முதலில் 80 நம்பர் உப்புத்தாளால் பழைய பளபளப்பைக் கொல்ல வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் ஏய்க்கிறார்கள். பிறகு இரு முகத்திலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துக. தொட்டால் தொட்டதுதான்; நகர்த்தித் திருத்த இலக்கணத்தில் இடமில்லை.

இயல்பு புணர்ச்சி முடிந்தது என்று மகிழற்க. சன்மைக்காவின் கனம் 1 மில்லிமீட்டர். விளிம்பிலும் ஒட்டுவதால், எதிரெதிரே நிற்கும் இரு கதவுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் காணாமற்போகிறது. இங்கே உடம்படுமெய் தோன்றாது, இழைப்புளிதான் தோன்றும்.

நிறம் பொருந்துமோ எனின், கடையின் டியூப்லைட்டில் பொருந்தும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் மற்றொன்றில் வேறுபடுவதை மெட்டாமெரிசம் என்பர் நிறவியலார். குளியலறையின் மஞ்சள் பல்பு அவர்கள் கட்சி. போதாததற்கு, போர் தண்ணீர் உப்பு மேட் பரப்பில் வெள்ளைக் கோலமிடும். போர் தண்ணீர் வீட்டில் கறுப்புக் குழாய் வைப்பவர் அதைத் துடைக்கவே பிறந்தவர் என்பது எம் கொள்கை.

புறனடை வருமாறு: பொருந்தாமை அழிவதில்லை, இடம் மட்டுமே மாறும். அலமாரி குழாய்க்கு இணையானதும் கண்ணாடிச் சட்டம் கிழடு தட்டும். சட்டம் மாறினால் துண்டு மாட்டும் கம்பி. பிரெஞ்சு அறிஞர் தெனி திதெரோ 1769-இல் வெளிவந்த கட்டுரையொன்றில், புது வீட்டங்கி வந்ததால் தம் நாற்காலியும் மேசையும் ஒவ்வொன்றாக மாற நேர்ந்ததைச் சொல்லிப் புலம்புகிறார். அவர் வீட்டுக்கு வந்த தச்சர் என்ன கேட்டிருப்பார் என்பது நம் ஆசாரியைப் பார்த்தாலே விளங்கும்:

“கையோட அந்தக் கண்ணாடிச் சட்டத்தையும் பண்ணிக் குடுத்துடட்டுமா, சார்?”

பார்வைக்கு இது கொடைவினா. கொளல்வினா என்பதே எம் துணிபு.