செலினியம் சர்வரோக நிவாரணியா?

கேள்வி: செலினியம் மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமாமே, மெய்தானா?

பதில்: சீன தேசத்திலே, மண்ணில் செலினியம் அருகியமையால் தானியத்திலும் அது குன்றிப்போய், கேஷான் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் இருதய நோய்க்குக் குழந்தைகளும் இளந்தாய்மார்களும் இரையாகி வந்த பிரதேசங்களில், 1970களில் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்த பின்னர் அவ்வியாதி வெகுவாகத் தணிந்த சரித்திரத்தை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கிறது. ஆயினும் பசித்தவனுக்கு இட்ட சோற்றை உண்டு எழுந்தவன் வாயிலும் திணிப்பானேன்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கு மேற்பட்ட ஆடவர்களைக் கொண்டு, நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியத்தையும் வைட்டமின் ஈயையும் சோதித்த பேராராய்ச்சி, ப்ராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோயை அவை தடுக்கவில்லையென்று கண்டு, 2008இல் மாத்திரைகளை நிறுத்திவிட்டது. வயது வந்தோருக்கு நாள்தோறும் வேண்டிய 55 மைக்ரோகிராம் செலினியம், மீனும் முட்டையும் தானியமும் உண்போர் பலருக்கு இலையிலேயே கிடைத்துவிடும். நெடுநாள் மிகுதியாக விழுங்கினாலோ, நோய் போகுமுன் தலைமயிரும் நகமும் போய்விடும்.