இதரச் செலவுகள்

விற்ற புடவை திரும்பி வராதவரை கணக்கு எழுதுவதில் நான் கெட்டிக்காரிதான். வாட்ஸ்அப்பில் சுங்குடிப் புடவை விற்கும் என் மதுரை வியாபாரத்துக்கு டேலி கணக்கு மென்பொருளில் தெரிந்திருக்க வேண்டியது எஃப்8 ஒன்றுதான்: சேல்ஸ் வவுச்சர். புடவை ரூ.1,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் ரூ.50, ஆக ரூ.1,050. அந்த விசையை அழுத்த எனக்குச் சோம்பலே வந்ததில்லை.

'போட்டோவுல கலர் வேற மாதிரி இருந்துச்சு' என்று புடவை திரும்பி வரும்போதுதான் வினை. பணத்தை உடனே ஜிபேயில் அனுப்பிவிடுவேன். அதை எங்கே எழுதுவது? கையைவிட்டுப் போகிற காசு செலவுதானே என்று பேமென்ட் வவுச்சர் போட்டு 'இதரச் செலவுகள்' தலையில் கட்டினேன். உண்மைக் காரணம் வேறு. சேல்ஸ் ரிட்டர்ன் என்று எழுதினால் மாத விற்பனைத் தொகை இறங்கிவிடும். இறங்காத தொகையைத்தான் நாத்தனாரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

சாயம் போன துணிக்கு மொத்தக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தபோதும் அதே ஞானம்தான். வருகிற காசு வருமானம். எழுது 'இதர வருமானம்'. அந்தக் கொள்முதலுக்கு எடுத்திருந்த இன்புட் வரியையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

புடவை திரும்பியதில் நிஜமான செலவென்றால் கூரியர் கட்டணம். அதை மட்டும் பத்திரமாகச் சேல்ஸ் ரிட்டர்னில் வைத்திருந்தேன். எங்கும் சேராதவையெல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் குடியேறின. ஒருமுறை பில்லையே டெலிட் செய்து பார்த்தேன். புடவை வந்து போன சுவடே இருக்காது என்று நினைத்தால், பில் வரிசையில் விழுந்த ஓட்டை அதைக் காட்டிக்கொடுத்தது.

ஆடிட்டர் அலுவலகப் பெண் பொறுமைசாலி. "அக்கா, கணக்குல வித்துப்போன புடவையெல்லாம் உங்க பீரோவுலதான் இருக்கு. நடக்காத விற்பனைக்கு நீங்களே வரி கட்டியிருக்கீங்க" என்றாள். ஆக, புடவைக்கு ஐம்பது ரூபாய் வீதம் நான் கட்டியது என் ஜம்பத்துக்கான வரி.

பிறகு அவளே சொல்லிக்கொடுத்தாள். ஆல்ட், எஃப்6 சேர்த்து அழுத்தினால் கிரெடிட் நோட். அதில் பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டால் விற்பனையும் வரியும் குறையும், புடவை ஸ்டாக்கில் ஏறும். அனுப்பிய பணத்தை வாடிக்கையாளர் பெயரில் பேமென்ட் போட்டால் கணக்கு நேராகிவிடும். மொத்தக் கடைக்கு நாம் திருப்பியதற்கு ஆல்ட், எஃப்5, டெபிட் நோட். எடுத்த இன்புட் வரியும் அதோடு குறையும். இவ்வளவுதான். வியாபாரம் தொடங்கிய அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

இப்போது எல்லாம் ஒழுங்கு. மாதக் கடைசி நாளில் திரும்பும் புடவைக்கு மட்டும் கிரெடிட் நோட்டை மறுநாள் 1ஆம் தேதியிட்டுப் போடுகிறேன். விற்ற நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30க்குள் அதைக் கணக்கில் காட்டினால் போதும் என்கிறது சட்டம். அவ்வளவு நாளெல்லாம் எனக்கு வேண்டாம். நாத்தனாருக்கு ஒரு போன் போடும் நேரம் கிடைத்தால் போதும்.